கடன்பட்டவன் சொல்லச் சொல்ல

கேட்டது மூவாயிரத்து நானூறு வெள்ளி.
மீ கோரெங் வண்டியின் குளிர்பெட்டி
உள்ளிருந்த கணவாயோடு சேர்ந்து செத்துப்போன வாரம்.

பினாங்கு, லெபோ பசார்.
ஜுனைதா லாத்தாவின் மசாலா அரவைக் கடை.
மல்லித்தூள் படிந்த கல்லாவைத் திறந்து
எண்ணி மேசைமேல் வைத்தவர்
பணத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.
மறுகையால் கணக்குப் புத்தகத்தை இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது.
பதினாறு வருஷமாக உங்களிடம்தானே தூள் வாங்குகிறேன்,
நமக்குள் எதற்கு எழுத்து?

"நமக்குள் என்பதால்தான்.
ஆக நீளமான ஆயத்து எதைப் பற்றி, சொல்லு."

மதரசாவில் மூன்று இடத்தில் மூச்சு வாங்கி
உஸ்தாதின் பிரம்பைப் பார்த்தபடியே
ஒரு பக்கம் முழுக்க ஓதித் தப்பித்த ஆயத்து.
சொர்க்கமாயிருக்கும் என்றேன்.
அவர் முகத்தைப் பார்த்து, நரகம் என்று திருத்தினேன்.

கடனாம்.
தவணை குறித்து எழுதிக்கொள் என்கிறதாம்.
சிறிதோ பெரிதோ, எழுத அலுத்துக்கொள்ளாதே.
எழுதத் தெரிந்தவன் மாட்டேன் என்னக்கூடாது.
சாட்சியைக் கூப்பிடு, சாட்சிக்குத் தொல்லை கொடுக்காதே.
அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கிய சொல்
நேரே கல்லாப்பெட்டிக்கு வந்திருக்கிறது.
நான்தான் ராகம் போட்டுக் கடந்துபோயிருக்கிறேன்.

பேனாவின் மூடியைக் கழற்றி, "ம், சொல்லு" என்றார்.
நானா?
"கடன்பட்டவன்தான் வாசகம் சொல்லணும்.
கொடுத்தவள் சொன்னால் கூட்டிவிட மாட்டேனா?"

நெய்னா முகம்மது மகன் தாவூது ஷா ஆகிய நான் —
தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.
என் பெயரை நானே அவ்வளவு மெதுவாகச் சொன்னது
நிக்காஹ் அன்றைக்குக்கூட இல்லை.
எதிர்க்கடையில் தே தாரிக் இழுக்கும் ஜமால்தீன் ஒரு கையெழுத்து.
மிளகாய் அரைக்கும் சில்ஹெட் ரஃபீக் இன்னொன்று.
அவன் விரல் பட்ட இடம் சிவந்தது.
காகிதம் தும்ம வைத்தது.

ஜும்ஆ முடிந்து வெள்ளிதோறும் போவேன்.
ஐம்பது. சில வாரம் முப்பது.
ரமலானில் கை தாராளம், மழைக்காலத்தில் தலைமறைவு.
அவர் வரவு வைப்பார், சலாம் சொல்வார், அவ்வளவுதான்.

அந்த நவம்பர் ராத்திரி
மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தன.
சாக்கடை எது தெரு எது என்று தெரியவில்லை.
விடிந்து போனால்
கடை முழுக்க மஞ்சள் தண்ணீர், முழங்கால் வரை.
அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து
லாத்தா எடுத்துவந்த புத்தகத்தில்
எல்லார் கணக்கும் ஒரே நீலக் கன்றல்.

"உனக்கு எவ்வளவு நிக்குது, தாவூது?"

சோதனையில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.
ரஃபீக் ஊருக்குப் போய்விட்டான்.
ஜமால்தீன் ஈப்போவில் மகனோடு.
என் வண்டியின் குளிர்பெட்டி மறுபடி இரும ஆரம்பித்திருந்தது.
பெண்ணுக்குப் பரீட்சைக் கட்டணம்.
தொள்ளாயிரம் என்று சொன்னால் பொருத்தமாகத்தான் இருக்கும்.
தொ-வுக்காக நாக்கு நுனி
பல்லுக்குப் பின்னால் போய் நின்றும்விட்டது.

அப்போதுதான் அந்த இடம்,
இரண்டாவது மூச்சு வாங்குவோமே, அந்த இடம்:
கடன்பட்டவன் சொல்லட்டும்,
தன் ரப்பை அஞ்சட்டும்,
அதில் எதையும் குறைக்காதிருக்கட்டும்.
பத்து வயதில் பிரம்புக்குப் பயந்து ஓதியது
நாற்பத்தேழில், நனைந்த செருப்போடு நிற்கையில்
புரிந்து தொலைத்தது.

ஆயிரத்து அறுநூற்றைம்பது, லாத்தா.

ஆஹா என்று சொல்லவில்லை அவர்.
ஈரம் படாத ஒரு பில் அட்டையின் பின்பக்கம் எழுதினார்.
தவணை என்று போட்டு, எதிரே ஒன்றும் எழுதவில்லை.
விட்டுவிட்டீர்களே என்றேன்.
"முடியாதவனுக்கு வசதி வரும்வரை பொறுக்கச் சொல்லி
அதே பக்கத்துக்கு முன்னாலேயே இருக்கு. போய்ப் பார்."

அந்தத் தொள்ளாயிரத்தை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
சாட்சி இல்லை என்று மட்டும் சொல்ல வரவில்லை.

"நிக்கிறாயே,
அந்த மிளகு மூட்டைக்கு மறுமுனை பிடி" என்றார்.
பிடித்தேன்.
ஊறிய மிளகு என்ன கனம்.